அடைக்கலம் கொடுத்தவர்கள்

விடியற்காலையில் யாழ்ப்பாணத்து வீடுகளில் முதலிற் கேட்ட ஒலி எது என்று என் வயதினர் எவரையேனும் கேட்டுப் பாருங்கள். கோயில் மணி என்பார் சிலர். சேவற் குரல் என்பார் சிலர். வானொலிப் பெட்டி வாய்த்த வீடுகளிற் பிறந்தவர்களோ, திருச்சிராப்பள்ளி நிலையம் அன்றைய நிகழ்ச்சிகளைத் தொடங்குமுன் ஒலிபரப்பிய சிறியதொரு மெட்டைச் சொல்வார்கள். தம்புராவின் சுருதி மெல்ல எழும், அதன்மேல் ஒரு வயலின் தனித்து இழையும், பாட்டுமில்லை, சொல்லுமில்லை. பாக்கு நீரிணையைக் கடந்து வந்த அவ்விசை எங்கள் கிணற்றடி வரையிற் கேட்கும். என் தகப்பனார் துலாக்கொடியைப் பிடித்தபடியே ஒரு கணம் நிற்பார். அம்மெட்டு முடிந்த பின்னரே வாளி கிணற்றுள் இறங்கும்.

அதனை அமைத்தவர் தஞ்சாவூர்ப் பக்கத்து வித்துவான் ஒருவராக இருத்தல் வேண்டும் என்றே நான் நெடுங்காலம் எண்ணியிருந்தேன். அவர் பெயர் வால்டர் காஃப்மன் என்று பின்னர் அறிந்தபோது எனக்கு உண்டான வியப்பு இன்னும் அடங்கவில்லை. 1907ஆம் ஆண்டிலே கார்ல்ஸ்பாத் நகரிற் பிறந்த யூதர் அவர். பேர்லினிலும் பிராகிலும் இசை பயின்று, அங்கேயே புகழ் பெற்று வாழ வேண்டியவர். ஹிட்லர் ஆட்சிக் கட்டிலேறிய மறு ஆண்டாகிய 1934இல் பம்பாய்த் துறைமுகத்தில் வந்திறங்கினார். இந்திய இசையை முதன்முதற் கேட்டபோது அவருக்கு ஒன்றும் விளங்கவில்லையாம். விளங்காத ஒன்றை இகழ்ந்து ஒதுக்குவது எளிது. அவர் அதனைக் கற்கத் தலைப்பட்டார். அகில இந்திய வானொலியின் பம்பாய் நிலையத்தில் மேல்நாட்டு இசைக்குப் பொறுப்பாளராகப் பணியாற்றினார். பிற்காலத்தில் வட இந்திய இராகங்கள் பற்றியும் தென்னிந்திய இராகங்கள் பற்றியும் தனித்தனியே பெருநூல்கள் எழுதினார். நாங்கள் கிணற்றடியிலே நின்று கேட்டது ஓர் அகதியின் மெட்டு.

கதியற்றவன் அகதி. சொல்லின் பொருள் அவ்வளவே. ஆனால் கதியற்று வந்தவனுக்கு யாரோ ஒருவர் கதியானதனாலன்றோ அவன் பாடவும் எழுதவும் முடிந்தது? வந்தவர்களின் வரலாற்றை எழுதுவோர் பலர். வந்தவர்களுக்கு வாயிற் கதவைத் திறந்தவர்களைப் பற்றி எழுதுவோர் சிலரே. இவ்வாரம் அந்தச் சிலருட் சேர விரும்புகிறேன்.

காஃப்மன் வந்திறங்கிய அதே 1934இல் பம்பாய் யூதர் தமக்குள் ஒரு நிவாரணச் சங்கத்தை அமைத்தனர். பின்னர் கல்கத்தாவிலும் சென்னையிலும் அதற்குக் கிளைகள் உண்டாயின. அச்சங்கம் செய்த வேலை, மேடைக்கும் மாலைக்கும் உரிய வேலையன்று. அன்றைய பிரித்தானிய இந்திய அரசாங்கம் ஜேர்மனியிலிருந்து வருவோரை ஐயக் கண்கொண்டே நோக்கியது. வேலையற்ற வெள்ளையர் தெருவில் அலைந்தால் ஆள்வோரின் மதிப்புக் குறையும் என்ற கவலையும் அதற்கு இருந்தது. ஆதலின், வருகின்றவர் அரசாங்கத்துக்குச் சுமையாக மாட்டார் என்று எவரேனும் பிணை நிற்க வேண்டியிருந்தது. யார் பிணை நிற்பர்? முன்பின் கண்டறியாத ஒரு வியன்னா வைத்தியருக்காகவும், பெயரைக்கூடச் சரியாக உச்சரிக்க வராத ஒரு பேர்லின் பொறியியலாளருக்காகவும் அச்சங்கத்தார் பிணை நின்றனர். துறைமுகத்துக்குப் போய் அழைத்து வந்தனர், அறை பிடித்துக் கொடுத்தனர், வேலை தேடினர், வேலை கிடைக்கும் வரையிற் கைச்செலவுக்குப் பணமும் கொடுத்தனர். 1938 நவம்பரில் ஜேர்மனியெங்கும் யூதரின் தொழுகைக் கூடங்கள் ஒரே இரவில் தீயிடப்பட்ட பின்னர், வந்து குவிந்த விண்ணப்பங்கள் பன்மடங்காயின.

எதிர்ப்பும் இருந்தது. பிறநாட்டு வைத்தியர்கள் வந்தால் தங்கள் தொழில் கெடும் என்று உள்நாட்டு வைத்தியர் சிலர் முறையிட்டனர். புலம்பெயர்ந்து வாழும் நம்மவர் இன்று எந்த நாட்டிலும் கேட்கும் முறையீடுதான் அது. ஜவாஹர்லால் நேரு அவ்வேளையில் அகதிகளின் பக்கம் நின்றார். யூத வைத்தியர்களும் தொழில் வல்லுநர்களும் வருவது இந்தியாவுக்கு நன்மையே என்று எழுதினார். காங்கிரசினுள்ளே எல்லோரும் அவரோடு உடன்பட்டனர் என்று சொல்லுதற்கில்லை.

1939 செப்டெம்பரில் யுத்தம் மூண்டது. இங்கே வரலாறு ஒரு கொடிய வேடிக்கையை நிகழ்த்தியது. ஜேர்மன் கடவுச்சீட்டு வைத்திருந்த ஆடவர் அனைவரும் எதிரிகள் எனப்பட்டனர். ஹிட்லருக்குத் தப்பி ஓடிவந்த யூதரும், ஹிட்லரைப் போற்றிய வணிகரும் அகமது நகரிலே ஒரே முட்கம்பி வேலிக்குள் அடைக்கப்பட்டனர். துரத்தியவனும் துரத்தப்பட்டவனும் ஒரே வரிசையில் நின்று சோறு வாங்கினர் என்றால், அடையாளச் சீட்டின் பேதைமைக்கு வேறு சான்று வேண்டுமா? நிவாரணச் சங்கம் மறுபடியும் அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கியது. இன்னார் அகதி, இன்னார் எதிரியல்லர் என்று ஒவ்வொருவருக்காகவும் எடுத்துரைத்தது. விசாரணைக் குழு ஒன்று அமைக்கப்பட்டு, யூதர்களிற் பெரும்பாலார் சில மாதங்களில் விடுவிக்கப்பட்டனர்.

இவ்வளவையும் செய்தவர்கள் பெருந்தொகையினரல்லர். அக்காலத்து இந்தியா முழுவதிலும் யூதர் ஏறத்தாழ இருபத்தையாயிரம் பேரே. அவர்களுட் பெரும்பகுதியினரான பெனே இஸ்ரவேலர் எழுதுவினைஞராகவும் கைவினைஞராகவும் எளிய வாழ்க்கை வாழ்ந்தவர்கள். செல்வம் படைத்தவர்கள் பக்தாத்திலிருந்து வந்த குடும்பத்தினர். அவர்களிற் பேர் பெற்ற டேவிட் சசூனும் அகதியே. பக்தாத் ஆளுநரின் கொடுமைக்குத் தப்பி, 1830களின் தொடக்கத்திற் பம்பாய் சேர்ந்தவர் அவர். பாட்டன் தப்பி வந்த கதை வீட்டில் இன்னும் பேசப்பட்டுக்கொண்டிருக்கும்போது, பேரனிடம் வந்து நிற்கும் அகதியைப் புதியவன் என்று அவன் எப்படிக் கருதுவான்?

இன்னும் பின்னோக்கிச் சென்றால் கொச்சி வருகிறது. தமிழ் மாணவர்கள் அறிந்திருக்க வேண்டிய ஒரு செய்தி இங்குண்டு. ஏறத்தாழ கி.பி. 1000ஆம் ஆண்டளவிற் சேர மன்னன் பாஸ்கர இரவிவர்மன், யோசேப்பு இரப்பான் என்னும் யூதத் தலைவனுக்குச் செப்பேட்டில் உரிமைகள் வழங்கினான். அச்செப்பேடு பொறிக்கப்பட்டிருப்பது வட்டெழுத்தில். அதன் மொழி, தமிழினின்றும் மலையாளம் பிரிந்து சென்ற அந்தச் சந்தியில் நிற்கும் மொழி. எங்கிருந்தோ வந்த ஒரு சமூகம் தன் உரிமைச் சாசனமாகப் போற்றிக் காத்து வந்த ஏடு நம் எழுத்திலே இருக்கிறது. பின்னர், 16ஆம் நூற்றாண்டிலே ஸ்பானியாவிலிருந்தும் போர்த்துக்கலிலிருந்தும் விரட்டப்பட்ட யூதர் கொச்சிக்கு வந்தபோது, அங்கே முன்னரே வேரூன்றியிருந்த யூதர் இருந்தனர். மன்னனும் தன் அரண்மனை மதிலோடு ஒட்டி நிலம் கொடுத்தான். 1568இல் மட்டாஞ்சேரியிலே எழுந்த பரதேசி யூதரின் தொழுகைக் கூடம் இன்றும் அவ்விடத்தில் நிற்கிறது.

இவ்விடத்தில் நிறுத்திவிட்டால் கட்டுரை இனிதாக முடியும், உண்மை முடியாது. ‘பரதேசி’ என்று தம்மைப் பெயரிட்டுக்கொண்டே வந்தேறிய அவர்கள், காலப்போக்கில், தமக்கு முன்பிருந்த மலபார் யூதரைத் தம்மிலும் தாழ்ந்தவர் என்றனர். அடிமைகளாயிருந்து விடுவிக்கப்பட்டவர்களின் வழித்தோன்றல்களைத் தொழுகைக் கூடத்தின் உள்ளே சரிசமமாக இருக்க விடவில்லை. அந்த விலக்கப்பட்ட குடும்பமொன்றிற் பிறந்தவர் ஏ. பி. சேலம். 1882 முதல் 1967 வரை வாழ்ந்த வழக்கறிஞர். ‘யூதக் காந்தி’ என்று பெயர் பெற்றவர். காந்தியடிகளின் வழியில் தம் சொந்தத் தொழுகைக் கூடத்துக்கு எதிராகவே அவர் சத்தியாக்கிரகம் செய்தார். மாவிட்டபுரத்துக் கோயில் வாயிலில் 1968இல் நிகழ்ந்தவற்றைக் கண்ட நமக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. அடைக்கலம் பெற்றவன் அடைக்கலம் கொடுப்பவனாவான் என்பது இயற்கை விதியன்று. பெற்ற இடத்தை வேலி போட்டு அடைத்துக்கொள்வதும் மனித இயற்கையே. ஆதலினாற்றான், திறந்தவர்களைப் போற்ற வேண்டியிருக்கிறது.

எங்கள் இலங்கையிலும் இவ்வரலாற்றின் சில துளிகள் உண்டு. யாழ்ப்பாணம் அறிந்த யூதர் லெனாட் வூல்ஃப். 1905 முதல் 1907 வரை இங்கே சிவில் சேவை அதிகாரியாக இருந்தார். அவரோ ஆள வந்தவர், அகதியல்லர். அகதியாய் வந்தவர்கள் தெற்கிலே இருந்தனர். புடாபெஸ்ட் நகரத்து உளப்பகுப்பாய்வாளர் ஈடித் 1938இல் இலங்கைக்கு வந்து, பின்னர் ஆங்கிலப் பேராசிரியர் லுடோவைக்கை மணந்து, 1956 வரை இங்கே வாழ்ந்தார். யூதக் குடும்பத்திற் பிறந்து பௌத்த துறவியான ஞானபோனிக தேரர் தம் தாயாரை ஐரோப்பாவிலிருந்து தப்புவித்துக் கொண்டுவந்தபோது, அம்மூதாட்டிக்குக் கொழும்பிலே வீடு கொடுத்தவர் சேர் ஏர்னஸ்ட் டி சில்வா. சிங்கள பௌத்தர் ஒருவரின் வீட்டு வாயில் ஒரு யூதத் தாய்க்குத் திறந்தது என்பதை யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுவதில் எனக்கு மகிழ்ச்சியே.

பம்பாய்க் கதையைப் படிக்கும் வாசகர் ஒருவர் என்னை மறித்துக் கேட்கலாம்: ‘யூதர் யூதருக்கு உதவினர், இதில் என்ன பெருமை? நம்மவர் நம்மவருக்கு உதவுவதில்லையா?’ கேள்வி நேர்மையானது. மணிமேகலையில் ஆபுத்திரன் கதையைக் கற்பிக்கும்போதெல்லாம் இக்கேள்வி எனக்கு எழுவதுண்டு. சாவகம் செல்லும் கப்பலேறியவன், காற்று மாறியதால் மணிபல்லவத்தில் இறங்கினான். இரவில் அவனை விட்டுவிட்டுக் கப்பல் போய்விட்டது. அத்தீவு நம் நயினாதீவே என்று கருதுவோர் உண்டு. அவன் கையில் அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபி இருந்தது. ஆனால் உண்பதற்கு வேறு ஆளில்லை. தன் வயிற்றை மட்டும் நிரப்ப அப்பாத்திரத்தைப் பயன்படுத்த மனமின்றி, அதனைக் கோமுகிப் பொய்கையிலே விட்டுவிட்டு, உண்ணாதிருந்து உயிர் விட்டான். பிறன் ஒருவன் வந்து நின்றாலன்றி அப்பாத்திரத்துக்குப் பொருளில்லை என்பது அவன் கண்ட முடிவு. யூதர் தம் பாத்திரத்தைப் பிறர்க்கு நீட்டிய கதை, கனடாவில் இருக்கிறது. அது நம்மையும் தொடுகிறது.

காஃப்மனின் வாழ்க்கையும் அங்கேதான் நம்மை அழைத்துச் செல்கிறது. 1946இல் இந்தியாவை விட்டுப் புறப்பட்ட அவர், 1948 முதல் வினிப்பெக் நகர இசைக்குழுவை நடத்தினார். ஆனால் அவரைப் பின்னர் வரவேற்ற அதே கனடா, யுத்தத்துக்கு முன் யூதருக்குக் கதவடைத்திருந்தது. 1933 முதல் 1945 வரை அந்தப் பரந்த நாடு ஏற்றுக்கொண்ட யூத அகதிகள் ஐயாயிரத்துக்கும் குறைவு. 1939 மே மாதம் ஹாம்பேர்க்கிலிருந்து 937 பயணிகளோடு புறப்பட்ட ‘சென் லூயிஸ்’ கப்பலைக் கியூபா ஏற்கவில்லை, அமெரிக்கா ஏற்கவில்லை, கனடாவும் ஏற்கவில்லை. கப்பல் ஐரோப்பாவுக்கே திரும்பியது. அதிலிருந்தோருள் 254 பேர் பின்னர் நாசிகளின் கொடுமையில் மாண்டனர்.

இர்விங் அபெல்லா, ஹரோல்ட் ட்ரோப்பர் என்னும் வரலாற்றாசிரியர் இருவர் இக்கதவடைப்பின் ஆவணங்களைத் தேடியெடுத்து எழுதினர். 1979இல் வியட்நாமியர் படகுகளில் கடலிலே தத்தளித்தபோது, அவ்வெழுத்துப் பிரதி அச்சேறுமுன்பே கனடாவின் குடிவரவு அமைச்சர் ரொன் அட்கியின் கைக்குச் சென்றது. யூதரைத் திருப்பியனுப்பிய அமைச்சர் என்று வரலாறு ஒருவரை நினைப்பதுபோலத் தம்மையும் நினைத்தல் கூடாது என்பது அவர் கொண்ட அச்சம். 1980 முடிவதற்குள் அறுபதினாயிரம் இந்தோசீன அகதிகளைக் கனடா ஏற்றது. அவர்களிற் பெரும்பாலாரைப் பொறுப்பேற்றவை தனிமனிதர் குழுக்களும், கிறிஸ்தவ தேவாலயங்களும், யூதரின் தொழுகைக் கூடங்களுமாம். வந்தவர்கள் பௌத்தர், கத்தோலிக்கர், யூதர் எவருமிலர். தம் முன்னோரைத் திருப்பியனுப்பிய கதையை ஒரு சமூகம் வெறும் மனக்குறையாக வைத்திருந்திருக்கலாம். அவர்களோ அதனை மற்றவர்க்குப் பிணைச்சீட்டாக மாற்றினர்.

அதன் பின்னர்தான் நாம் வருகிறோம். 1986 ஓகஸ்ட் 11ஆம் நாள், நியூபவுண்லாந்துக் கரைக்கப்பால் மூடுபனியிலே இரண்டு உயிர்காப்புப் படகுகளில் 155 தமிழர் மிதந்தனர். கஸ் டால்டன் என்னும் மீன்பிடிக் கப்பற் தலைவர் அவர்களைக் கண்டு கரை சேர்த்தார். எங்கிருந்து வந்தோம் என்பதை முதலில் அவர்கள் மறைத்தனர். உண்மையில் அவர்களது கப்பல் புறப்பட்டது மேற்கு ஜேர்மனியிலிருந்து. சென் லூயிஸ் புறப்பட்ட அதே தேசம். இந்தப் பொய் வெளிப்பட்டதும் கனடாவில் எழுந்த சினம் சிறிதன்று. ஆயினும் அவர்கள் திருப்பியனுப்பப்படவில்லை. அகதிகளை ஆதரித்தமைக்காகக் கனடிய மக்களுக்கு நான்சன் பதக்கம் வழங்கப்பட்டதும் அதே 1986இல். 2010 ஓகஸ்டில் 492 தமிழரோடு ‘சன் சீ’ கப்பல் மேற்குக் கரையை அடைந்தபோது சென் லூயிஸின் பெயர் மறுபடி அங்கே ஒலித்தது. இவர்களை நியாயமாக விசாரியுங்கள் என்று அப்பெயரைச் சொல்லிக் கேட்டவர்களுட் கனடிய யூதரும் இருந்தனர். ரொறன்ரோவிலே வீடு வாங்கியிருக்கும் நம் பிள்ளைகளில் எத்தனை பேர் இதனை அறிவர்?

அமெரிக்காவிலும் அப்படியே. ரஷ்யப் படுகொலைகளுக்குத் தப்பி வந்த யூதருக்கென 1881இல் நியூயோர்க்கில் தோன்றிய உதவிச் சங்கம் ஹியாஸ். ஒரு காலத்தில், உதவி வேண்டும் யூத அகதிகளே அருகிவிட்டனர். சங்கத்தை மூடிவிட்டிருக்கலாம். மூடவில்லை. வருகின்றவர் யூதராக இருப்பதற்காக அன்று உதவினோம். நாம் யூதராக இருப்பதற்காக இன்று உதவுகிறோம் என்ற பொருளில் அவர்கள் தங்கள் நிலையை எடுத்துரைத்தனர். முஸ்லிம் அகதிகளையும் ஆபிரிக்க அகதிகளையும் குடியமர்த்தினர். அதற்கு ஒரு விலையும் கொடுக்க நேர்ந்தது. 2018 ஒக்ரோபர் 27ஆம் நாள் பிற்ஸ்பேர்க் நகரின் தொழுகைக் கூடத்தில் பதினொருவரைச் சுட்டுக் கொன்றவன், ஹியாஸ் சங்கத்தின் பெயரைச் சொல்லி வசைபாடிவிட்டே புறப்பட்டான். அங்கே கூடிய சபைகளுள் ஒன்று, அகதிகளுக்கென ஓய்வுநாள் ஒன்றை அனுட்டித்திருந்தது என்பதே அவன் கண்ட குற்றம். அச்சபையார் அதன் பின்னும் அகதிப் பணியைக் கைவிடவில்லை. பதினொரு நாள் கழித்து, நவம்பர் 7ஆம் நாள், சென் லூயிஸுக்காகக் கனடாவின் பிரதமர் பாராளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார்.

இவ்வளவும் எழுதிய பின்னர் என் பேனா தயங்குகிறது. ‘கிபிர்’ என்ற சொல்லைக் கேட்டால் இன்றும் பதுங்குகுழியைத் தேடும் கண்கள் இம்மண்ணில் உண்டு. 1996 முதல் நம் தலைக்குமேற் பறந்த அவ்விமானங்கள் இஸ்ரேலில் வாங்கப்பட்டவை. 1948இல் இஸ்ரேல் தோன்றியபோது வீடிழந்த பலஸ்தீனர் ஏழு இலட்சத்துக்கு மேல். அவர்களின் பேரப்பிள்ளைகளும் அகதிகளாகவே பிறந்தனர். இவற்றை மறைத்துவிட்டு யூதரின் விருந்தோம்பலைப் பாடினால் வாசகர் என்னை மன்னியார், மன்னிக்கவும் வேண்டாம். அரசு வேறு, சமூகம் வேறு என்பதை நாமாவது அறிவோம். நம் பெயரால் துவக்கேந்தியவர்கள் செய்த ஒவ்வொன்றுக்கும் நம் ஒவ்வொருவரையும் குற்றவாளியாக்கினால், அதனை ஏற்போமா? பம்பாய்த் துறைமுகத்திலே நின்ற நிவாரணச் சங்கத்துக் கணக்கர், விமானம் விற்றவரல்லர்.

ஏற்போமா என்று கேட்டுவிட்டேன். நம்மை நோக்கியும் அக்கேள்வியைத் திருப்ப வேண்டும்.

ஒக்ரோபர் 30 என்ற நாள் நம் குடாநாட்டுக்கு இருமுறை வந்தது. 1995இல் வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் எழுந்து நாவற்குழிப் பாலத்தின் வழியே தென்மராட்சிக்கு நடந்தது. மழையிலே, குழந்தையும் கட்டிலும் ஆட்டுக்குட்டியுமாக நடந்தோம். சாவகச்சேரிப் பக்கத்தில் ஒரு வீட்டார், முன்பின் அறியாத எங்கள் பதினான்கு பேருக்குத் தங்கள் விறாந்தையையும் மாட்டுக்கொட்டிலையும் ஒழித்துக் கொடுத்தனர். அவ்வீட்டு ஆச்சி கேட்ட முதற் கேள்வி, ‘எந்த ஊர்?’ என்பதன்று, ‘சாப்பிட்டியளோ?’ என்பதே. 1958இல் கொழும்பிலிருந்து கப்பலேறி வந்தவர்களையும் இம்மண் அவ்வாறே ஏற்றது. நம்மவரை நாம் ஏற்பதில் எவர்க்கும் குறைந்தவரல்லோம்.

அதற்குச் சரியாக ஐந்து ஆண்டுகளுக்கு முன், 1990 ஒக்ரோபர் 30ஆம் நாள், யாழ்ப்பாணத்து முஸ்லிம் மக்களை இரண்டு மணி நேரத்துள் வெளியேறும்படி விடுதலைப் புலிகள் பணித்தனர். வட மாகாணம் முழுவதிலுமிருந்து ஏறத்தாழ எழுபத்தையாயிரம் பேர் அவ்வாறு அகற்றப்பட்டனர். அவர்களை ஏற்றது புத்தளம். அவர்கள் போகும்போது நாம் என்ன செய்தோம்? பலர் அழுதனர் என்பது உண்மை. அழுதவர்களுள் நானும் ஒருவன். ஆனால் வீட்டுக்குள் இருந்து அழுதேன்.

அண்மைக் காலத்திற் கடல் நம்மை இன்னுமொருமுறை சோதித்தது. 2022 டிசெம்பரில் வெற்றிலைக்கேணிக்கு அப்பால் தத்தளித்த படகொன்றிலிருந்து நூற்றுக்கு மேற்பட்ட ரோகிங்கியா மக்களைக் கடற்படையினர் மீட்டுக் காங்கேசன்துறைக்குக் கொண்டுவந்தனர். 2024 டிசெம்பரில் முள்ளிவாய்க்கால் கரைக்கு அப்பால் இன்னொரு படகு வந்தது. அங்குள்ள மீனவர், தம்மிடம் இருந்த உணவையும் நீரையும் கொண்டுபோய்க் கொடுத்தனர். வந்தவர்களைத் திருப்பியனுப்பலாகாது என்று முல்லைத்தீவு மக்கள் குரலும் எழுப்பினர். 2009இன் நினைவு இன்னும் ஆறாத மண்ணிலே, எந்தப் பேராசிரியரும் கட்டுரை எழுதிக் கற்பிக்காமல், அது நடந்தது. யாழ்ப்பாணத்துச் சபைகளும் சங்கங்களும் பழைய மாணவர் மன்றங்களும், வெளிநாட்டிலிருந்து கோபுரத்துக்கும் மண்டபத்துக்கும் பணம் திரட்ட அறிந்த நம் ஊர் ஒன்றியங்களும், அந்த முல்லைத்தீவு மீனவருக்கு ஒரு கடிதமேனும் எழுதியிருக்கலாம்.

சோனகத் தெருவுக்கு அருகே நான் சட்டை தைக்கக் கொடுக்கும் கடை ஒன்று இருந்தது. 1990இல் அவ்வாரம் தைக்கக் கொடுத்த வெள்ளைத் துணி, அன்று மாலை ஒரு சிறுவன் கையில் என் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. வெட்டியிருந்தது, தைத்திருக்கவில்லை. அளவு குறித்த துண்டுக் காகிதத்தோடு நான் கொடுத்த முற்பணமும் அதற்குள் மடித்து வைக்கப்பட்டிருந்தது. அகற்றப்படுகிறவர் அந்த இரண்டு மணி நேரத்தில் அதற்கும் நேரம் கண்டிருக்கிறார்.

ஏ9 பாதை திறந்த மறு ஆண்டு, 2003இல், நான் புத்தளத்துக்குப் போனேன். கிடுகுக் கொட்டில்களிடையே விசாரித்து விசாரித்து அவரைக் கண்டேன். கண் மங்கியிருந்தது. குரலால் அறிந்து, ‘மாஸ்டரோ?’ என்றார். பாய் விரித்து இருத்தினார். தேநீர் வந்தது. பிள்ளைகளின் படிப்பைப் பற்றி விசாரித்தார். என் தகப்பனார் காலமானதைக் கேட்டு வருந்தினார். முற்பணத்தை நான் நீட்டியபோது சிரித்தபடி தள்ளிவிட்டார்.

‘எங்கட வீட்டில இப்ப ஆர் இருக்கினம், மாஸ்டர்?’ என்று பின்னர் கேட்டார்.

‘இடிஞ்சு போச்சு, நானா,’ என்றேன். அது உண்மைதான். கூரை மரங்களையும் கதவு நிலைகளையும் யார் கழற்றிக்கொண்டு போயினர் என்பதை அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.